டார்ச்சின் முன் கண்ணாடி: பிளாஸ்டிக்கா, கண்ணாடியா, மேலே ஒட்டும் ஃபிலிமா?

மாமாவுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம். பெரிய எஸ்டேட் இல்லை. சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, ஓரத்தில் நாலைந்து ஆரஞ்சு, அவ்வளவுதான். விடிகாலை ஐந்தரைக்கு மோட்டார் போடத் தோட்டத்துக்குள் இறங்குவார். ராத்திரி காட்டெருமை வேலியை மிதிக்கிற சத்தம் கேட்டால் அப்போதும் இறங்குவார். கையில் எப்போதும் ஒரு எல்இடி டார்ச் இருக்கும். போன நவம்பரில் அங்கே போயிருந்தபோது அதை வாங்கிப் பார்த்தேன். முன் கண்ணாடி, மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த டம்ளர் மாதிரி மங்கிக் கிடந்தது.

“மாப்ள, செல்போனுக்கு ஒட்டுற மாதிரி இதுக்கு மேல ஏதாச்சும் ஒட்டிக்கலாமா? இல்ல கண்ணாடிய மட்டும் மாத்திரலாமா? புதுசே வாங்கணுமா?” என்று கேட்டார்.

அப்போதைக்கு “பார்க்கிறேன் மாமா” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு இரண்டு மாதம் இதையே நோண்டிக்கொண்டிருந்தேன். மலையில் டார்ச் பிடித்து நடக்கிற யாருக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

டார்ச் வாங்குகிறவர்கள் லென்ஸைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்வது “எத்தனை சதவீதம் வெளிச்சம் வெளியே விடுகிறது” என்பதைத்தான். அந்தக் கணக்கு எளிமையானது. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடுகிறது; மறுபக்கம் வெளியேறும்போது இன்னொரு 4 சதவீதம். ஆக வெறும் கண்ணாடி விடுவது 92 சதவீதம். அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் (இது கூடக் கூடத் திரும்பும் ஒளியும் கூடும்) 1.49, கண்ணாடியினுடையது போலத்தான். அதனால் அதற்கும் அதே 92. இன்னொரு பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டுக்கு 1.58 என்பதால் சற்றுக் குறைந்து 88 முதல் 90 வரை. இரண்டு பக்கமும் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு போட்ட கண்ணாடி 98 வரை போகும். மூக்குக்கண்ணாடிக் கடையில் ‘ஏ.ஆர். கோட்டிங்’ என்று தனியாகக் காசு வாங்குகிறார்களே, அதே வகைப் பூச்சுதான் இது.

இந்த 92-க்கும் 98-க்கும் உள்ள இடைவெளி தோட்டத்தில் எவ்வளவு தெரியும்? டார்ச் பெட்டியில் போட்டிருக்கும் எறிதூரம், ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் இடம்வரை உள்ள தூரம். அது ஏறக்குறைய முழுநிலா வெளிச்சத்தின் அளவு. கற்றையின் வலிமை 10,000 கேண்டலா உள்ள டார்ச்சுக்கு அந்தத் தூரம் 200 மீட்டர். ஒளியை 8 சதவீதம் கூட்டினாலும் தூரம் 208 மீட்டரைக் கூடத் தொடாது. தூரம் இரட்டிக்க வேண்டுமென்றால் ஒளி நாலு மடங்காக வேண்டும். காப்பிச் செடிகளுக்கு நடுவே 30 மீட்டர் பார்ப்பதே அபூர்வம். அந்த 8 மீட்டருக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

மாமாவின் டார்ச்சில் கெட்டுப்போயிருந்தது வேறு. வெளிச்சம் குறையவில்லை, வழி தவறியிருந்தது. கீறல் விழுந்த லென்ஸ் ஒளியை விழுங்குவதில்லை, கண்ட பக்கமும் சிதறடிக்கிறது. பிளாஸ்டிக் தயாரிப்பாளர்கள் இதைத் தனியாகவே அளக்கிறார்கள்: உள்ளே வந்த திசையிலிருந்து 2.5 டிகிரிக்கு மேல் விலகிப் போகும் ஒளி எத்தனை சதவீதம் என்று பார்த்து அதை ‘ஹேஸ்’ என்கிறார்கள். 90 சதவீத ஒளியை வெளியே விடுகிற லென்ஸ்கூட ஹேஸ் ஏறிவிட்டால் பயனற்றதாகிவிடும்.

அடிவாரத்திலிருந்து ராத்திரியில் பைக்கில் ஏற்காடு ஏறியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஹெல்மெட் வைசர் பாலிகார்பனேட். ஆறு மாதம் தூசியோடு துடைத்த வைசரைப் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் எதிரே வரும் காரின் ஹெட்லைட்டைச் சந்தித்தால், வெளிச்சம் நட்சத்திரம் நட்சத்திரமாய் வெடித்துச் சாலையே மறைந்துபோகும். பகலில் அதே வைசர் சுத்தமாகத்தான் தெரியும்.

டார்ச்சில் இந்தச் சிதறலோடு பனிமூட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஐப்பசி முதல் தை வரை விடிகாலையில் பல நாள் தோட்டமே வெள்ளையாகிவிடும். மூட்டத்தில் டார்ச் அடித்தால் நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்புகிற ஒளிதான் கண்ணைக் கட்டுகிறது. தூரத்துக்குப் போகவேண்டிய ஒளியைக் கீறல்கள் முகத்துக்கு எதிரே இறைத்துவிடுவதால், எதிரில் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பிவிடுகிறது. அதற்குப் பின்னால் நிற்பது பலா மரமா காட்டெருமையா என்று தெரியாது. மலைக்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றே: இரண்டு வருடம் கழித்து எது கீறாமல் இருக்கும்?

கீறுவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட். அதில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் உண்டு. மோஸ் கடினத்தன்மை அளவில் (எண் கூடியது குறைந்ததைக் கீறும்) குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5, பிளாஸ்டிக் 3 அல்லது அதற்கும் கீழே. செம்மண்ணில் கலந்திருக்கும் நுண்ணிய குவார்ட்ஸ் மணல் கண்ணாடியையே கீறும் என்றால் பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கல்லில் விழுந்து வரும் கீறல் குறைவு. லென்ஸில் பனி படிந்ததும் தோளில் கிடக்கும் துண்டாலோ சட்டை நுனியாலோ ஒரு துடை துடைக்கிறோமே, அதுதான் பெரும்பாலான கீறல்களுக்குக் காரணம். துண்டில் ஒட்டியிருக்கும் மண் உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. காப்பிக்கு போர்டோ கலவை அடித்த நாளில் காய்ந்த நீலத் திட்டுகளை நகத்தால் சுரண்டுவதும் அப்படித்தான்.

பிளாஸ்டிக்கில் இரண்டு வகை உண்டு. அக்ரிலிக் தெளிவாக இருக்கும், வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகாது, பாலிகார்பனேட்டைவிடக் கீறலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் கல்லில் விழுந்தால் விரிசல் விடும். பாலிகார்பனேட்டைச் சுத்தியலால் அடித்தாலும் உடைப்பது கடினம். அதனால்தான் ஹெல்மெட் வைசரும் பட்டறைக் கண்ணாடியும் அதில் வருகின்றன. மேலே கடினப் பூச்சு இல்லையென்றால் மிகச் சுலபமாகக் கீறும், வெயிலில் மஞ்சளாகும். பழைய கார்களின் ஹெட்லைட் பழுத்த மாவிலை நிறத்துக்குப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது பாலிகார்பனேட்தான்.

தோட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. புல்வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றிய கையாலேயே டார்ச்சைப் பிடிப்போம். டீட் கலந்த கொசு மருந்தைத் தடவிக்கொண்டு அதே விரலால் லென்ஸைத் துடைப்போம். இரண்டுமே பிளாஸ்டிக்கின் பகை. நாளாவட்டத்தில் மேற்பரப்பு மங்கும், முடி முடியாய் வெடிக்கும். ஜன்னல் துடைக்கிற அமோனியா கலந்த திரவமும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. கண்ணாடிக்கு இவை எதுவும் ஒரு பொருட்டில்லை.

பிளாஸ்டிக்குக்கு ஒரு நல்ல பக்கமும் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். அக்ரிலிக் கீறினால் கொஞ்சம் பற்பசையை ஈரத்துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தால் லேசான கீறல்கள் மறையும். மாமாவின் லென்ஸில் முதலில் நான் செய்து பார்த்தது அதைத்தான். (பிளாஸ்டிக்கா கண்ணாடியா என்று தெரியாவிட்டால் உதட்டில் வைத்துப் பாருங்கள், கண்ணாடி சில்லென்றிருக்கும். நகத்தால் தட்டினாலும் சத்தத்தில் தெரிந்துவிடும்.) பாதி தெளிந்தது. ஆழமான கீறல்கள் போகவில்லை. அடுத்த மாதம் பழைய நிலைக்கே வந்துவிட்டது.

கண்ணாடி என்றால் டார்ச்சுக்கு டெம்பர் செய்ததுதான் வேண்டும். சூடாக்கிச் சட்டென்று குளிரவைப்பதால் அதன் மேற்பரப்பு எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். அடியைக் கூடுதலாகத் தாங்கும், உடைந்தாலும் கத்தி மாதிரி உடையாமல் கல்கண்டு மாதிரி உதிரும். சூடான டார்ச் மேல் திடீரென்று மழைத்துளி விழுந்தாலும் தாங்கும். பலர் நினைப்பதுபோல டெம்பர் செய்ததால் கீறல் குறையாது. அதே 5.5 தான். பலம் வேறு, கடினம் வேறு. ஆனாலும் பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் வருடக்கணக்கில் தெளிவாக நிற்கும்.

எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைப் பற்றி எனக்கு இரண்டு மனம். பழைய முறைப் பூச்சு மெக்னீசியம் ஃபுளோரைடு. தடிமன் சுமார் 100 நானோமீட்டர், அதாவது பூச்சுக்குள் பச்சை ஒளிக்கு இருக்கும் அலைநீளத்தில் கால் பங்கு. சாய்த்துப் பார்த்தால் ஊதாவாகவோ பச்சையாகவோ மின்னும், கையில் பிடிக்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அந்த மெல்லிய படலம் அடிக்கண்ணாடியைவிடச் சீக்கிரம் தேயும். விரல் ரேகை பளிச்சென்று தெரிவதால் அடிக்கடி துடைக்கத் தோன்றும், துடைக்கத் துடைக்கத் தேயும். பற்பசை போட்டால் பூச்சே போய்விடும். சேலத்தில் மொட்டை மாடிக்கும் கரண்ட் போகும் நேரத்துக்கும் டார்ச் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். தோட்டத்துக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. டார்ச்சோடு வந்தால் வரட்டும், அதற்கென்று தனியாகக் காசு தர வேண்டாம்.

சஃபையர் கண்ணாடி மோஸ் அளவில் 9. நம் ஊர் மண் எதுவும் அதைத் தொட முடியாது. அலுமினியம் ஆக்சைடின் படிகம் அது. சேர்வராயன் மலையில் வெட்டி மேட்டூர் ஆலைக்கு அனுப்பிய பாக்சைட்டிலும் இருப்பது நீர் சேர்ந்த அலுமினியம் ஆக்சைடுதான் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் ஒளிவிலகல் எண் 1.77 என்பதால் பூச்சில்லாத சஃபையர் 86 சதவீத ஒளியைத்தான் விடும், விலையும் எட்டாது. கைக்கடிகாரத்தோடு விட்டுவிடலாம்.

இனி மாமாவின் முதல் கேள்வியான ஃபிலிம்.

புது டார்ச்சின் முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டி வரும். அது வழியில் கீறாமல் இருக்கப் போட்டது. புது ஃபிரிட்ஜின் மேல் இருக்கும் கவரைக் கிழிக்க மனம் வராதவர்கள் இதையும் விட்டுவைக்கிறார்கள். உடனே உரியுங்கள். ஆயிரம் லூமனுக்கு மேல் உள்ள டார்ச்சில் அந்தப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, குமிழ் விட்டு, சில சமயம் உருகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது செல்போன் கடையில் கிடைக்கும் டிபியூ ஃபிலிம். இப்போது சேலத்தில் பல கடைகளில் மெஷின் வைத்து எந்த அளவுக்கும் வெட்டித் தருகிறார்கள். வட்டமாகக் கேட்டால் வட்டமாகவே. லேசான கீறல் அதில் தானாகவே கூடிவிடும் என்பது உண்மை, ரப்பர் மாதிரிப் பொருள் அது. நானும் ஒன்று வெட்டி என் டார்ச்சில் ஒட்டிப் பார்த்தேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு விளிம்பில் மண் ஏறியது, வெயிலில் காரில் வைத்த ஒரே நாளில் நடுவில் குமிழ்கள் வந்தன. குமிழ் என்றால் ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று. காற்று வந்துவிட்டால் புதிதாக இரண்டு பரப்பு, இன்னொரு 8 சதவீத எதிரொளிப்பு, அதற்கு மேல் சிதறல். எதைத் தவிர்க்க ஒட்டினோமோ அதையே கொண்டுவந்துவிட்டது.

பூச்சுள்ள கண்ணாடிமேல் ஃபிலிம் ஒட்டுவது காசைக் கரைப்பது. வெளிப்பக்கப் பூச்சு காற்றைத் தொட்டால்தான் வேலை செய்யும். மேலே ஃபிலிம் உட்கார்ந்துவிட்டால் வெளிப்பரப்பு ஃபிலிமுடையது, அங்கே பழைய 4 சதவீதம் திரும்ப வந்துவிடும். செல்போன் டெம்பர் கிளாஸை வட்டமாக வெட்ட முடியாது. டெம்பர் செய்த கண்ணாடியில் கட்டர் வைத்தால் தூள்தான்.

ஃபிலிமை அடியோடு ஒதுக்கவும் மாட்டேன். அக்கா மகள் தலையில் மாட்டும் ஹெட்லைட் வைத்திருக்கிறாள்; அதில் பிளாஸ்டிக் லென்ஸும் உடம்பும் ஒரே வார்ப்பு, கழற்ற வழியே இல்லை. சேலம் மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் மேக்னசைட் கனிமத்தின் வெள்ளைத் தூசிக்கு நடுவே வேலை செய்கிற ஒரு நண்பரின் டார்ச்சும் அப்படித்தான், வளையத்தைப் பசை போட்டு இறுக்கிவிட்டார்கள். மேக்னசைட் கடினத்தில் சுமார் 4. கண்ணாடியை ஒன்றும் செய்யாது, பிளாஸ்டிக்கை நிச்சயம் கீறும். அதோடு கலந்து வரும் டூனைட் பாறைத் தூளில் உள்ள ஆலிவின் 6.5-க்கு மேல், அது இரண்டையும் கீறும். கழற்ற முடியாத லென்ஸுக்கு ஃபிலிம்தான் கதி: விளிம்பைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் சிறிதாக வெட்டி ஒட்டி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரித்துப் புதிது போட வேண்டும். ஃபிலிமை டயர் மாதிரி நினைத்தால் சரி, தேய்வதற்கென்றே போடுவது.

ஒளியைப் பரப்பும் மேட் ஃபிலிம் தனி விஷயம். வேண்டுமென்றே சிதறடிக்கிற படலம் அது. வீட்டுக்குள் காப்பிக் கொட்டை பொறுக்க, கரண்ட் போனால் படிக்க அருமையாக இருக்கும். அதோடு மூட்டத்தில் இறங்கினால் எதிரே சுவர்தான். ஒட்டாமல், மூடி மாதிரி மாட்டிக் கழற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் டார்ச்சில் முன் வளையம் கையாலேயே கழன்றது. இது ஒன்றே பாதி முடிவைச் செய்துவிட்டது. உள்ளே லென்ஸ், அதன்கீழ் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் ஓ-ரிங், அதன்கீழ் ரிஃப்ளெக்டர். வெர்னியர் வைத்து அளந்தேன்: குறுக்களவு 37 மில்லிமீட்டர், தடிமன் 2. எழுதி எடுத்துக்கொண்டு சேலம் முதல் அக்ரஹாரத்தில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனேன். அதற்கு முன் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவரில்லாத லென்ஸ் கேட்டுப் பார்த்ததையும் சொல்ல வேண்டும்; அது தட்டையாக இருக்காது, கிண்ணம் மாதிரி வளைந்திருக்கும், வளையத்துக்குள் உட்காராது.

“அண்ணா, 37-க்கு தட்டைக் கண்ணாடி இருக்குங்களா? தடிமன் ரெண்டு.”

“எந்த வாட்ச்சுக்கு தம்பி?”

“டார்ச்சுக்கு அண்ணா.”

ஒரு நிமிடம் டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சின்னச் சின்ன உறைகள் அடுக்கிய டப்பாவை இறக்கினார். “ஒன்றரை வேணாம் தம்பி. லூசா உக்காரும், தண்ணி போயிரும். ரெண்டே போடுங்க” என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. தடிமன் குறைந்தால் வளையம் ஓ-ரிங்கை அழுத்தாது. ஈரம் உள்ளே போனால் விடிகாலைக் குளிரில் கண்ணாடியின் உள்பக்கமே வியர்த்துவிடும். தடிமன் கூடினால் வளையம் முழுதாக ஏறாது.

வாட்ச் கண்ணாடிக்கு ஒரு குறை உண்டு. எல்லாமே டெம்பர் செய்ததாக இருக்காது. கல்லில் முகம் குத்தி விழுந்தால் கூராக உடையலாம். டார்ச்சுக்கென்றே டெம்பர் செய்த கண்ணாடிகளை ஆன்லைனில் மில்லிமீட்டர் கணக்கில் விற்கிறார்கள், காத்திருக்க முடிந்தால் அதுவே மேல். மாமாவின் டார்ச் வளையம் கண்ணாடியைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எடுப்பாக நிற்பதால் நான் துணிந்தேன். வளையமும் கண்ணாடியும் ஒரே மட்டத்தில் இருக்கும் டார்ச்சாக இருந்திருந்தால், அடிக்கடி கை நழுவ விடுகிறவராகவும் இருந்திருந்தால், கீறினாலும் பரவாயில்லை என்று பாலிகார்பனேட்டே போட்டிருப்பேன். சின்னப் பிள்ளைகள் எடுத்து விளையாடும் டார்ச்சுக்கும் அதுதான்.

புதிது வாங்குவதாக இருந்தால் கடையில் வைத்தே வளையத்தைத் திருகிப் பாருங்கள். லூமன் எண்ணைவிட எனக்கு அது முக்கியம்.

பொங்கலுக்குப் போனபோது புதுக் கண்ணாடி மாட்டிய டார்ச்சைக் கொடுத்தேன். சேலத்து மத்தியான வெயிலில் பிரித்துக் காயவைத்து, ஓ-ரிங்கைத் துடைத்து மூடியிருந்தேன். மறுநாள் விடிகாலை நல்ல மூட்டம். மாமா டார்ச்சைத் தோள் உயரத்தில் பிடிப்பார். இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடிக்கச் சொன்னேன், அப்படிப் பிடித்தால் திரும்பும் ஒளி கண்ணுக்கு அவ்வளவாக வராது. கீழ்வேலியில் கட்டியிருந்த பழைய உரச்சாக்கு தெரிந்தது.

“சாக்கு தெரியுதே மாப்ள” என்றார்.

அதே அளவில் இன்னொரு கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி மோட்டார் ரூம் அலமாரியில் வைத்திருக்கிறோம். பனி படிந்தால் துண்டால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு உதறச் சொல்லியிருக்கிறேன். துண்டைத் தோளிலிருந்து எடுக்கும் கை இன்னும் நிற்கவில்லை என்று அத்தை போனில் சொன்னார்.